பாண்டிச்சேரியில் ரெண்டு நாள் லீவு

சென்ற மார்கழியில் எனக்குக் குரல் போய்விட்டது.

பனியும் நிலக்கரித் தூசியும் கூட்டணி வைத்துத் தொண்டையை அடைத்துவிட்டன. வாயைத் திறந்தால் காற்று வந்தது, சத்தம் வரவில்லை. மைன்ஸில் எல்லாரும் விசாரித்தார்கள். கேன்டீனில் எனக்காக மிளகைத் தூக்கலாகப் போட்டு ரசம் வைத்தார்கள். கன்வேயர் பெல்ட்டில் என்கூட வேலை பார்க்கிற சிங்காரவேல், கற்பூரவள்ளி இலையைப் பறித்துவந்து கையில் திணித்தான். வீட்டில் மட்டும் எந்த அசைவும் இல்லை. காலையில் காபி வந்தது. ராத்திரி தோசை வந்தது.

ஒரு வாரம் கழித்துக் குரல் திரும்பியது. சந்தோஷமாக என் மனைவியிடம் சொன்னேன்.

"தமயந்தி, ஒரு வாரமா எனக்குப் பேச்சே வரல, தெரியுமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியா? எப்பவும் போலத்தான இருந்தீங்க?"

குரல் போனதைவிட அந்தக் கேள்விதான் தொண்டையை அடைத்தது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பெண் ஹரிணி இருந்தவரை வீட்டில் பேச்செல்லாம் அவள் வழியாகத்தான் நடந்தது. 'அப்பாகிட்டக் கேளு', 'அம்மாகிட்டச் சொல்லு'. இந்தப் பக்கம் அள்ளிப் போட்டதை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டுகிற கன்வேயர் பெல்ட் அவள். வேலை கிடைத்து புனேக்குப் போனாள். பெல்ட் நின்றது. ரெண்டு பக்கமும் சரக்கு அப்படியே குவிந்து கிடந்தது.

தெருவும் அதற்கு ஏற்றாற்போலத்தான். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் தெரு அழகான தெரு. ரெண்டு பக்கமும் மரம். ரிடையர் ஆனவர்கள் சொந்த ஊருக்குப் போகப் போக, குவார்ட்டர்ஸ் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே வந்தது. இப்போது பொழுது சாய்ந்தால் விளக்கு எரிகிற வீடு எங்களுடையது ஒன்று, தெருக்கோடியில் ஒன்று. தெருக்கோடி வீட்டுக்காரர் நைட் ஷிப்ட். விளக்கை அணைக்க மறந்துவிட்டுப் போகிறவர்.

ஆகவே நான், சங்கரலிங்கம், ஒரு தீர்மானம் போட்டேன். தமயந்தியைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போவது. ரெண்டு நாள் தங்குவது. அவளோடு பேசியே தீருவது.

எப்படிப் போவது என்பதைச் செல்போனில் ஒரு பையன் வீடியோ போட்டுச் சொல்லிக்கொடுத்தான். "எந்த ஊருக்குப் போனாலும் டூரிஸ்ட்டா போகாதீங்க ப்ரோ. ஊர்க்காரனா போங்க." எனக்கு அது சரியாகப் பட்டது. டூரிஸ்ட் புருஷனும் பெண்டாட்டியும் சிலை பக்கத்தில் சிலை மாதிரி நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஊர்க்காரர்கள்தான் பேசிக்கொண்டே நடக்கிறார்கள்.

"வர்ற சனி ஞாயிறு பாண்டிக்குப் போறோம்" என்றேன்.

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "எந்தப் பாண்டி? உங்க பெரியப்பா மகனா? அவர் சங்கரன்கோவில்ல இல்ல இருக்கார்?"

"அட, பாண்டிச்சேரி!"

"அங்கயா? எதுக்கு? திருவதிகை போவோமே. பக்கத்துலதான, கோயிலும் நல்லாருக்கும்."

"கோயில் வேணாம். ஊர் பாக்கணும்."

"அப்ப தஞ்சாவூர் போவோம். பெரிய ஊர்."

"நீ பாண்டிச்சேரி பாத்ததே இல்லையே தமயந்தி."

"கண்ணு டெஸ்டுக்குப் போனேன்ல."

"அது ஆஸ்பத்திரி. நான் உனக்கு ஊரைக் காட்டறேன். உள்ளூர்க்காரன் மாதிரி."

அவள் முகத்தில் ஒரு கலக்கம் தெரிந்தது. சந்தோஷக் கலக்கம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு எதையும் எடுத்துக்கொள்ளத் தெரியும். புரிந்துகொள்ளத்தான் தெரியாது.

சிங்காரவேலிடம் லீவு விஷயம் சொன்னேன். அவன் குள்ளஞ்சாவடிக்காரன். கண்கள் விரிந்தன. "பாண்டிக்கா சார்? தனியாவா போறீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே!"

"குடும்பத்தோட போறேன்யா."

"குடும்பத்தோடயா? அப்பறம் எதுக்கு சார் பாண்டிக்கு?"

சனிக்கிழமை விடிந்ததும் வடலூர் வந்து, கடலூர் வழியாகப் போகிற ஒரு தனியார் பஸ்ஸைப் பிடித்தோம். டிரைவருக்குத் தரையில் ஓட்டுவதில் நம்பிக்கை இல்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டே தமயந்திக்குப் பாடம் எடுத்தேன்.

"யார்கிட்டயும் வழி கேக்கக் கூடாது. எதையும் அண்ணாந்து பாக்கக் கூடாது. முக்கியமா, நீ வாயைத் திறக்காத. திறந்தா வெளியூர்னு தெரிஞ்சிரும்."

"சரிங்க" என்றாள். பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "வேணும்னா கடலூர்லயே இறங்கிருவோமா? சில்வர் பீச் இருக்கு" என்றாள். நான் விடவில்லை.

லாட்ஜில் பையை வைத்துவிட்டு, சாயம் போன லுங்கியும் தோளில் ஒரு துண்டுமாக இறங்கினேன். மஞ்சள் சுவரும் காகிதப் பூவுமாக இருக்கிற வெள்ளைக்காரத் தெருக்களுக்குள் நுழைந்தோம். ஒரு சந்து திரும்பியதும் வழி தொலைந்தது. ஒரே தேவாலயத்தின் முன்னால் திரும்பத் திரும்ப வந்து நின்றேன். தமயந்தி பின்னாலேயே வந்தாள். நான் தப்பான பக்கம் திரும்பும்போதெல்லாம் லேசாக இருமினாள். வெயில் என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என்னை நிறுத்தி, லுங்கியோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். "லோக்கல்" என்று கூட வந்தவரிடம் சொன்னாள். எனக்கு மார்பு விரிந்தது. "பாத்தியா?" என்றேன். தமயந்தி தலையாட்டினாள்.

அந்தத் தெம்பில் மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடைக்குள் நுழைந்து, வீடியோ பையன் சொன்ன மந்திரத்தைப் போட்டேன். "மாஸ்டர், வழக்கம் போல ரெண்டு டீ!"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். முகம் மலர்ந்தது. இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரையே இல்லாமல் ரெண்டு டீ ஆற்றி வைத்தார்.

"சர்க்கரை இல்லையே?"

"வழக்கம் போலன்னு சொன்னீங்களே சார்!" என்றார். "எப்ப வந்தீங்க?"

"காலையிலதான்."

"எவ்ளோ நாள் லீவு?"

"ரெண்டு நாள்."

"ரெண்டே நாளா? ஐயோ பாவம், அவ்ளோ தொலைவுலருந்து வந்துட்டு! பிளைட்டு எப்பிடி சார், வசதியா இருந்திச்சா?"

அந்தத் தனியார் பஸ்ஸுக்கு இங்கே அப்படித்தான் பெயர் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். பொருத்தமான பெயர். "பரவால்ல. குள்ளஞ்சாவடி வளைவுலதான் கொஞ்சம் தூக்கிப் போட்டான்."

மாஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். தமயந்திக்கு டீ புரையேறியது.

வெளியே வந்ததும், "இந்த ஊர்க்காரங்க எவ்வளவு பிரியமா பேசறாங்க பாரு. என்னைத் தங்கள்ல ஒருத்தனா ஏத்துக்கிட்டாங்க" என்றேன்.

"மார்க்கெட்டுக்குள்ள வேணாங்க, கூட்டம்" என்றாள். நான் நுழைந்துவிட்டேன்.

பூக்கடை வரிசை. கனகாம்பரமும் சாமந்தியும் மலை மலையாகக் கிடந்தன. ஒரு கடையிலிருந்து நூலும் கையுமாக ஓர் அம்மாள் எழுந்து நின்று கத்தினாள்.

"தமயந்திக்கா! இன்னாக்கா, சனிக்கிழமையில வந்துக்கீற!"

உள்ளூர்க்காரன் மாதிரி நடித்துக்கொண்டிருந்த நான் ஒரு நொடியில் தூண் மாதிரி ஆனேன். அந்த அம்மாள் பூக்களைத் தாண்டி வந்து என் மனைவியின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இவருதானா? வந்துட்டாரா?"

"வந்துட்டாரு சந்திரா" என்றாள் தமயந்தி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"சொல்லவே இல்ல பாரு! எம்மாங் கறுத்துப் போய்க்கீறாரு! இருக்காதா பின்ன, அந்தப் பாலைவனத்துல நின்னுகினு வேல செஞ்சா!"

வெட்டிய சுரங்கத்தின் உள்ளே நின்று பார்த்தால் பாலைவனம் மாதிரிதான் இருக்கும். புல் பூண்டு கிடையாது. இந்த அம்மாள் எங்கே பார்த்தாள் என்று வியந்தேன். "ஆமாங்க. நாள் முழுக்க மணலும் தூசியும்தான்."

"அக்கா உங்களப் பத்தி சொல்லாத வாரம் கெடையாது சார். சொல்லிகினே இருக்கும். கண்ணு கலங்கிடும்."

எனக்காகக் கண் கலங்குகிற தமயந்தியை நான் பார்த்ததில்லை. எனக்கே அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

சந்திரா விடவில்லை. கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, வைத்திக்குப்பத்திலிருந்த தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடல் சத்தம் கேட்கிற வீடு. போனவுடன் தமயந்தி, நேராக உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு குடித்தாள். சொம்பு எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சாப்பாடு மீன் குழம்பு. எனக்கு மீன் வாடை ஆகாது. அதனால் எங்கள் வீட்டில் அது நுழைந்ததே இல்லை. நான் ரசத்துக்குக் காத்திருந்தேன். தமயந்தி ஒரு வஞ்சிரத் துண்டை எடுத்து, முள்ளை ஒரே இழுப்பில் உருவி ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். ஒரு நாளில் வருகிற பழக்கம் அல்ல அது.

சந்திராவின் வீட்டுக்காரர் சுதாகர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேன் ஓட்டுகிறவர். "சார், எனக்கும் அங்க ஒரு வேல பாத்துக் குடுங்களேன். டிரைவர் வேல போதும்."

"இப்பல்லாம் பர்மனென்ட் எடுக்கறதில்லைங்க. காண்ட்ராக்ட்தான்."

"அங்க எல்லாமே காண்ட்ராக்ட்டுதானே சார். எனக்குத் தெரியாதா? விசாவுக்கு மட்டும் நீங்க சொன்னா போதும்."

"விசாவா? எதுக்கு விசா?"

"இன்னா சார், குவைத்துக்கு விசா இல்லாம எப்பிடி உடுவான்?"

குவைத்து.

ரசம் என் கையிலேயே நின்றது. பிளைட்டு, பாலைவனம், பாவம், ரெண்டே நாள் எல்லாம் வரிசையாக வந்து என் மண்டையில் இறங்கின. தமயந்தியைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை. இலையில் சோற்றால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த வீட்டில் அவள் தலை இனி நிமிராது.

"ஓ, விசாவா!" என்றேன். "அது ரொம்பக் கெடுபிடிங்க இப்ப. என் பாஸ்போர்ட்டையே அரபிக்காரன் வாங்கி வச்சுக்கிட்டான். அழுது புரண்டுதான் ரெண்டு நாள் வாங்கிட்டு வந்திருக்கேன்."

"அடப்பாவி!" என்றாள் சந்திரா.

"ஒட்டகம் எல்லாம் பாத்துக்கீறீங்களா சார்?" என்றார் சுதாகர்.

"பாக்கறதா? ரோட்டுல குறுக்கயே படுத்துக்கும். வடலூர் ரோட்டுல மாடு படுத்துக்கற மாதிரி. ஹாரன் அடிச்சா எந்திரிக்காது. அரபியில திட்டணும்."

பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் குவைத்தை விளாசித் தள்ளினேன். தமயந்தி மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் அப்படிப் பார்த்திருக்கிறாள். அதன் பிறகு இன்றுதான்.

சாயங்காலம் பீச் ரோட்டில், பாறைகளுக்கு மேலே சுவரில் உட்கார்ந்தோம். ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டே நடந்தார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"ஹரிணி போனதுலேர்ந்து. வியாழக்கிழமையானா வருவேன். நீங்க டூட்டிக்குப் போனதும் கிளம்பி, நீங்க வர்றதுக்குள்ள வந்துருவேன்."

வியாழக்கிழமைகளில் வீட்டில் மல்லிகை வாசம் வரும். குருவுக்கு ஏதோ பூஜை என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

"கண்ணு டெஸ்டுக்கு வந்தேன்ல, அன்னிக்குக் கண்ணுல மருந்து விட்டுட்டாங்க. எதுவும் தெரியல. மார்க்கெட் வாசல்ல அப்படியே நின்னேன். சந்திராதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப்போய் உக்கார வச்சா. 'தனியாவா வந்த? வூட்டுக்காரர் எங்கக்கா'ன்னு கேட்டா." தமயந்தி கொஞ்சம் நிறுத்தினாள். "அவ கேட்டப்புறம்தான் நானும் யோசிச்சேன். எங்கதான் இருக்கார்னு."

"மைன்ஸ்ல இருக்கார்னு சொல்ல வேண்டியதுதானே?"

"பக்கத்துலயே இருந்துக்கிட்டு வரலைன்னா உங்களத்தான் தப்பா நெனைப்பாங்க. குவைத்துன்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. பாவம்னுதான் சொல்வாங்க. வாயில வந்துருச்சு. அப்புறம் மாத்த முடியல."

அலை பாறையில் அடித்துவிட்டுத் திரும்பியது.

"வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். "ரொம்ப நேரம் பேசுவீங்க."

"நானா?"

"நீங்க இல்ல. அவர்."

"என்ன பேசுவார்?"

"சாப்பிட்டியான்னு கேப்பார். என்ன குழம்புன்னு கேப்பார். கண்ணு இப்ப எப்படி இருக்குன்னு கேப்பார்."

எனக்கு யார் மேலும் பொறாமை வந்ததில்லை. எனக்குப் பிறகு சேர்ந்தவன் எனக்கு மேலே போனபோதுகூட வரவில்லை. அந்தக் குவைத் சங்கரலிங்கத்தின் மேல் வந்தது. மகா கெட்டிக்காரன். ஊரிலேயே இல்லாமல் குடும்பம் நடத்துகிறான். நான் ஒரே வீட்டில் இருந்துகொண்டு கோட்டை விட்டிருக்கிறேன்.

"கண்ணு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். குரல் மறுபடி போய்விடும் போலிருந்தது.

"நல்லாத்தான் தெரியுது" என்றாள்.

மறுநாள் தமயந்திதான் ஊரைக் காட்டினாள். எந்தத் தெருவில் எந்த நேரம் நிழல் விழும், எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்தக் கடையில் ரொட்டி சூடாக வெளியே வரும் என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். வழியனுப்ப வந்த சந்திரா, குவைத்தில் கிடைக்காது என்று ஒரு பெரிய பொட்டலம் கருவாட்டை என் மடியில் வைத்தாள். நெய்வேலி வரை அதை நானே பிடித்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் எங்களைச் சுற்றி ரெண்டு வரிசை காலியாக இருந்தது. அந்தத் தனிமை நன்றாக இருந்தது. வடலூர் வருகிறவரை பேசிக்கொண்டு வந்தோம்.

அதன் பிறகு நான் திருந்தினேன். மைன்ஸிலிருந்து மத்தியானம் போன் பண்ணி, "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். முதல் நாள் அவள் பதறிப்போய், "என்ன ஆச்சு? யாருக்கு என்ன?" என்றாள். ரெண்டாம் நாள், "ம்" என்றாள். அதற்கடுத்த நாள் என்ன குழம்பு என்று அவளே சொன்னாள். பெல்ட் லேசாக அசைந்தது.

அந்த உற்சாகத்தில் அடுத்த பெரிய தீர்மானம் போட்டேன். சிங்காரவேலின் கையைக் காலைப் பிடித்து என் வார லீவை வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். தமயந்தியிடம் மூச்சு விடவில்லை. இனி வாராவாரம் அவளோடு பாண்டிக்குப் போவது. சர்க்கரை இல்லாத டீ குடிப்பது. முடிந்தால் மீனும் பழகுவது.

வியாழக்கிழமை காலையில், சலவைச் சட்டையும் சீவிய தலையுமாக அவளுக்கு முன்னால் வாசலில் நின்றேன். அவள் பையோடு வந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"உன்கூடத்தான்! லீவை மாத்திட்டேன்!"

அவள் பையைக் கீழே வைத்தாள். முதல்முறையாக எனக்காக அவள் கண் லேசாகக் கலங்குவதைப் பார்த்தேன். ஆனால் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"அது எப்படிங்க முடியும்? உங்களை பிளைட் ஏத்தி விட்டுட்டு, போன வியாழக்கிழமைதான் சந்திரா தோள்ல சாஞ்சு அழுதுட்டு வந்தேன். சுதாகர் அண்ணன் சோடா வாங்கிக் குடுத்தார். இனி ரெண்டு வருசத்துக்கு உங்களுக்கு லீவு கிடையாது."

"அப்ப நான் என்ன பண்றது?"

"சாம்பார் அடுப்புல இருக்கு. அப்பளம் டப்பாவுல இருக்கு." பையை எடுத்துக்கொண்டு, கேட்டைத் திறந்து படி இறங்கினாள். பூட்டிய வீடுகளைத் தாண்டித் தெருமுனை வரை போய்விட்டு, என்ன தோன்றியதோ, திரும்பி வேகமாக வந்தாள். என் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"மறக்காம ஒரு மணிக்குப் போன் பண்ணுங்க. சந்திராவுக்கும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போடுவேன், நல்லா நீளமாப் பேசுங்க" என்றவள், தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சாப்பிட்டாச்சுன்னு மட்டும் உளறிராதீங்க, குவைத்துல அப்ப மணி பத்தரைதான்."